பீரோ கண்ணாடியும் லிஃப்டும்

தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய மைசூர் மைன்ஸ் லைன் வீட்டில் படுக்கிற அறையிலிருந்து அடுப்படிக்குப் போக ஒரே ஒரு வழிதான் உண்டு. அந்த வழியில் அம்மாவின் கல்யாண பீரோ நிற்கிறது. அதன் கதவு முழுக்கக் கண்ணாடி. பீரோவை இந்தப் பக்கம் தள்ளினால் வாசல் கதவு திறக்காது, அந்தப் பக்கம் தள்ளினால் ஆள் நுழைய முடியாது. இரண்டு அறை கட்டிக் கொடுத்த வெள்ளைக்காரன் பீரோவையெல்லாம் நினைத்துப் பார்த்திருப்பானா என்ன? அந்த நாலடி தூரத்தைப் பத்தொன்பது வயது எலைன் எட்டு மாதமாகக் கண்ணை மூடிக்கொண்டு, எதிர்ச்சுவரில் முதுகு உரசத்தான் கடந்து வருகிறாள்.

அன்று காலை பாயில் கால் தடுக்கிவிட்டது. விழாமல் இருக்கக் கையை ஊன்றினாள். கை கண்ணாடியில் பட்டது. கண் திறந்துகொண்டது.

உள்ளே நின்றவள் அறையையே அடைத்துக்கொண்டு நின்றாள். இடுப்பு பீரோவின் விளிம்பைத் தாண்டி வழிந்தது. கை தூண் போல இருந்தது. எலைனுக்கு வாய் உலர்ந்து போனது. காதுக்குள் குப்குப்பென்று அடித்தது. தெருவில் வெறிநாய் எதிரே வந்து நின்றால் ஓடவும் முடியாமல் கத்தவும் முடியாமல் நிற்போமே, அப்படி நின்றாள். நாயாவது ஒரு நேரம் விலகிப் போகும். இது அவளோடேயே வருகிறது, அவளோடேயே படுக்கிறது. இதை நினைத்தபோது அவளுக்குக் கண்ணீர் வந்தது.

டக், டக், டக். கதவில் மூன்று தட்டு.

"எலைன், ட்ரெய்ன் போயிடும்மா. வா."

அப்பா டக்ளஸ்தான். கதவு திறந்தே கிடந்தாலும் மூன்று தட்டு தட்டாமல் அவர் எந்த அறைக்குள்ளும் வருவதில்லை. ஏழு வருஷம் சுரங்கத்தில் வேலை பார்த்ததில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. ஆட்களை இறக்குகிற இரும்புக் கூண்டுக்குக் கேஜ் என்று பெயர். கேஜில் மனிதர்கள் ஏறினால் மூன்று மணி அடிப்பார்கள். உள்ளே உயிர் இருக்கிறது, பார்த்து மெதுவாக இறக்கு என்று மேலே இஞ்சின் ஓட்டுகிறவருக்குச் சொல்கிற சேதி. சுரங்கத்தை மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கேஜ் எங்கேயோ துருப்பிடித்துக் கிடக்கிறது, மூன்று தட்டு மட்டும் வீட்டோடு தங்கிவிட்டது.

அம்மா ஃப்ளோரா டிபன் பாக்ஸை நீட்டினாள். "ரெண்டே ரெண்டு இட்லிதான்டி. ட்ரெய்ன்ல தின்னுடு."

"தின்றேன் மம்மி."

மூவருக்கும் தெரியும், அந்த இட்லி சாயந்திரம் அப்படியே திரும்பி வரும் என்று.

ஃப்ளோராவை இங்கே யாரும் குற்றம் சொல்லக் கூடாது. அவள் பார்க்காமல் விட்டவள் இல்லை. முதலில் பார்த்ததே அவள்தான். ஆனால் இந்த ஊரில் ஒருவர் இளைத்துக்கொண்டே போனால் கேட்க ஒரே கேள்விதான் உண்டு: "படம் எடுத்தியா?" மூன்று தலைமுறையாகக் கல் தூசி நெஞ்சில் இறங்கி, ஆண்கள் இப்படித்தான் கன்னம் ஒட்டி, காலர் எலும்பு துருத்திச் செத்துப் போனார்கள். அதனால் இளைப்பு என்றால் நெஞ்சு, நெஞ்சு என்றால் எக்ஸ்ரே. சுரங்கத்தில் காலே வைக்காத கல்லூரிப் பெண்ணுக்கு எங்கிருந்து வரும் தூசி என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. தோன்றிய இரண்டொருவரும் டி.பி.யாக இருக்கும் என்று சொல்லி, அவர்களும் படத்தையே எடுக்கச் சொன்னார்கள். ஃப்ளோரா மகளை இழுத்துக்கொண்டு போய் மூன்று மாதத்தில் மூன்று படம் எடுத்தாள். மூன்றும் சுத்தமாக வந்தன. ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஆராதனையில் போதகர் ஐயர், "சகோதரி ஃப்ளோராவின் மகளுடைய நெஞ்சுப் படம் நன்றாக வந்ததற்காக ஸ்தோத்திரக் காணிக்கை" என்று வாசித்தார். சபையே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. எலைனும் சிரித்தாள். கோயில் வாசலில் கொடுத்த கேக்கைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போய்ச் சாக்கடையில் போட்டாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு நல்ல வசதியாகிவிட்டது. யார் எது கேட்டாலும், "படம்தான் க்ளீனா வந்துச்சே" என்று வாயை அடைத்தாள். அம்மா வேறு, "நெஞ்சு நல்லா கீது, அப்பறம் இன்னாடி உனக்குக் கொழுப்பு, வாயைத் தெறந்து தின்னா இன்னா?" என்று கத்திக் கத்தி ஓய்ந்துபோனாள். கோரமண்டல் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் எலைன் சுருண்டு விழுந்தபோதுதான் யாரோ நாடி பிடித்துப் பார்த்து, "ஐயோ, இவ்ளோ மெதுவா அடிக்குதே" என்றார்கள். இத்தனை நாள் தவறான படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று வீட்டுக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தது. தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண் மேடுகள் வெளுத்துப் போய்ப் பின்னால் நகர்ந்தன. டக்ளஸ் எதிரில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டு வந்தார். அவர் பார்க்காத மாதிரிப் பார்ப்பதில் கெட்டிக்காரர் இல்லை.

தினமும் இதே ரயிலில் போய் வருகிறவர்தான். பெங்களூரில் பன்னிரண்டு மாடி அப்பார்ட்மென்ட் ஒன்றில் செக்யூரிட்டி வேலை. அங்கே அவருக்கு 'ஸ்டெப்ஸ் அங்கிள்' என்று பெயர். பன்னிரண்டாவது மாடிக்குக் கூரியர் வந்தாலும் படியேறித்தான் போவார். லிஃப்டில் கால் வைத்ததே இல்லை. இருபத்தாறு வருஷத்துக்கு முன் சுரங்கத்தில் ஒருமுறை கேஜ் நடுவழியில் நின்றுபோனது என்ற அளவுக்கு வீட்டுக்குத் தெரியும். அதற்கு மேல் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார். எலைனும் சின்ன வயதில் கேலி செய்திருக்கிறாள். "டாடி, லிஃப்ட் உன்னைக் கடிச்சிடுமா?"

இப்போது அவளுக்குக் கேலி செய்யத் தெம்பில்லை. போன வாரம் பெங்களூர் ஆஸ்பத்திரியில் மூளையைப் படமெடுத்த மெஷின் ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தது. அதற்கு முந்தின நாள் சாம்பல் நிறத்தில் உடம்போடு ஒட்டுகிற உடுப்பைப் போடச் சொல்லி, நேராகவும் பக்கவாட்டிலும் நிற்க வைத்துப் படம் எடுத்திருந்தார்கள். மறுநாள் ஒரு குழாய்க்குள் படுக்க வைத்தார்கள். கண்ணுக்கு நேரே சின்னத் திரை. மெஷின் தகரக் கூரையில் கல் விழுகிற மாதிரிச் சத்தம் போட்டது. திரையில் முகம் மறைத்த பெண்களின் உடம்புகள் ஒவ்வொன்றாக வந்தன. எல்லோரும் அதே சாம்பல் உடுப்பு. யாரோ ஒருத்தி, இன்னொருத்தி, இன்னொருத்தி. அவர்களைப் பார்க்க எலைனுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான்காவதாக அவள் வந்தாள். முகம் இல்லாவிட்டால் என்ன, அந்த இடுப்பைத் தெரியாதா? ஓடிப்போக இடமில்லை. தலையைக் கட்டி வைத்திருந்தார்கள். எவ்வளவு பயம் என்று ஒன்றிலிருந்து நான்குவரை பட்டன் அழுத்தச் சொல்லியிருந்தார்கள். அவள் படம் வந்தபோதெல்லாம் அவள் விரல் நான்கிலேயே கிடந்தது.

ஆஸ்பத்திரியில் முதலில் இதயத்துக்கு ஒயர் வைத்துப் பார்த்தார்கள். பிறகு கீழ்த்தளத்தில் டாக்டர் ராதிகாவின் அறை. பெங்களூர்க்காரர், கன்னடம் தொட்ட தமிழ் பேசுவார். கம்ப்யூட்டரை இவர்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

"இது மத்தவங்க படம் வந்தப்போ உன் மூளை. அமைதியா இருக்கு பாரு. இது உன் படம் வந்தப்போ."

சாம்பல் நிறத்தில் நடுவே ஆரஞ்சுப் புள்ளிகள் எரிந்தன.

"இங்க எரியுதில்ல, இது பயத்துக்கான இடம். காலடியில பாம்பைப் பாத்தா எரியற இடம் இதுதான். பின்னாடி இங்க பாரு, உடம்போட அளவைப் பாக்க உதவுற இடம். உன் படம் வந்தா மட்டும் இங்க வேலை சரியா நடக்கல. ஒரு ஆளோட படத்தை மட்டும் வெச்சு நாங்க எதையும் முடிவு பண்ண மாட்டோம். உன்ன மாதிரி இருக்கிற பலபேர்கிட்ட இதைப் பாக்குறோம், அவ்ளோதான் இப்போதைக்குத் தெரியும்."

டக்ளஸ் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் நெற்றிப்பொட்டைத் தொட்டுக் காட்டினார். "இங்கேயா மேடம் எரியுது?"

"இன்னும் உள்ள. நடுவுல."

"பெரிய ஆளுங்களுக்கும் அப்படித்தானா?"

"எல்லாருக்கும் அங்கதான்."

எலைன் நிமிர்ந்தாள். அவளுக்கு ஒரு பிடி கிடைத்துவிட்டது. "அப்ப நான் சொல்றது கரெக்ட்தானே மேடம்? பாம்பு இருந்தாத்தான் பயம் வரும். என் மூளை இவ்ளோ பயப்படுதுன்னா, பயப்படற மாதிரி ஒண்ணு அங்க இருக்குன்னுதானே அர்த்தம்?"

டாக்டர் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். கெட்டிக்காரப் பெண்களின் இந்த வியாதி கெட்டிக்காரத்தனமாகத்தான் பேசும் என்று அவருக்குத் தெரியும்.

"அதைப் பத்தி மெதுவா பேசலாம் எலைன். நேரம் இருந்தா பேசலாம். உன் இதயம் இப்ப அடிக்கிற வேகத்தைப் பாத்தா எனக்குப் பயமா இருக்கு. தூக்கத்துல நின்னுட்டா யாருக்கும் தெரியாது. இன்னிக்கே அஞ்சாவது மாடி வார்டுல சேரணும். உனக்குப் பதினெட்டு தாண்டிடுச்சு, கையெழுத்து நீதான் போடணும்."

"எக்ஸாம் இருக்கு மேடம்."

"எலைன்..." என்றார் டக்ளஸ்.

"அடுத்த வாரம் வரேன் மேடம். ப்ராமிஸ்."

அடுத்த வாரம் வரமாட்டாள் என்று அவளுக்கே தெரியும். வார்டு என்றால் வேளாவேளைக்குத் தட்டு வரும், பக்கத்தில் ஆள் உட்காரும், கண்ணாடியில் இருப்பவள் இன்னும் பெருப்பாள். செத்துப்போவதைவிட அதுதான் அவளுக்குப் பெரிய பயமாக இருந்தது. இப்படி ஒரு பயமா என்று நமக்குத் தோன்றலாம். அவளுக்குத் தோன்றவில்லை.

டாக்டர் காகிதத்தைச் சிஸ்டர் கையில் கொடுத்தார். "கையெழுத்து அப்பறம். சும்மா மேல போய் வார்டை ஒரு தடவை பாத்துட்டு வா. பிடிக்கலன்னா சாயந்திரம் ட்ரெய்ன் இருக்கவே இருக்கு. ஆனா ஒரு படிகூட ஏறக் கூடாது, வீல்சேர்ல லிஃப்ட்லதான் போகணும்."

சிஸ்டர் வீல்சேரைக் கொண்டுவந்தார். டக்ளஸ் வழக்கம்போலச் சொன்னார்: "நீ சிஸ்டர் கூட லிஃப்ட்ல போம்மா. நான் ஸ்டெப்ஸ்ல வந்துடறேன்."

அப்போதுதான் எலைனுக்கு அந்த யோசனை வந்தது. கெட்ட யோசனை என்று தெரிந்தேதான் சொன்னாள்.

"டாடி கூட லிஃப்ட்ல வந்தா நான் வரேன். இல்லன்னா வேணாம், நேரா வீட்டுக்குப் போலாம்."

அவர் வரமாட்டார். இருபத்தாறு வருஷமாக வராதவர் இன்றைக்கு வந்துவிடுவாரா? அப்பாவின் பயத்தை அவள் துருப்புச் சீட்டு மாதிரி மேஜையில் போட்டாள். ஐந்து மணி ரயில், ஜன்னலோரம், திரும்பிப் போகிற இட்லி. எல்லாவற்றையும் மனசுக்குள் முடிவு கட்டிவிட்டாள்.

டக்ளஸ் அவளைப் பார்த்தார். மகள் என்ன செய்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. முகம் வெளிறிப்போனது.

"சரி, வா" என்றார்.

லிஃப்ட் கதவு திறந்தது. சிஸ்டர் வீல்சேரை முன்பக்கமாகவே உள்ளே தள்ளினார். எதிர்ச்சுவர் முழுக்கக் கண்ணாடி. எலைன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். பின்னால் அப்பாவின் செருப்பு வாசலில் நின்றது, பின்வாங்கியது, மறுபடி வந்தது. உள்ளே வந்துவிட்டது. கதவு மூடியது.

டக், டக், டக். இரும்புச் சுவரில் மூன்று தட்டு.

லிஃப்ட் மேலே கிளம்பியது. அடுத்த கணம் ஒரு சத்தம் கேட்டது. கிணற்றில் விழுந்தவன் மூச்சு வாங்குகிற சத்தம். அது அப்பாவிடமிருந்து வருகிறது என்று எலைனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கண்ணைத் திறந்துவிட்டாள்.

கண்ணாடியில் டக்ளஸ் தெரிந்தார். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, கூரையைத் தாங்குகிறவர் மாதிரி நின்றிருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கண் ஆணி அடித்தாற்போலக் கூரையில் நின்றது. எலைனும் கூரையைப் பார்த்தாள். ஒரு ட்யூப் லைட், ஒரு சின்ன ஃபேன்.

"டாடி! டாடி, ஒண்ணுமில்ல டாடி. வெறும் லிஃப்ட்தான்."

"தெரியுதும்மா." பல் கிட்டியிருந்தது. "தெரியுது. லிஃப்ட்தான். ஆனா கல்லு எறங்குது பாரு... தலை மேல வருது பாரு..."

"எதுவும் வரல டாடி! நான் பாக்குறேன்ல, அங்க ஒண்ணுமே இல்ல!"

சொல்லி முடித்ததும் அது அவள் காதிலேயே விழுந்தது. இது அம்மாவின் வசனம். 'ஒண்ணுமே இல்லடி, எலும்புதான் கீது, என் கண்ணால பாக்குறேன்ல' என்று பீரோ முன்னால் நின்று அம்மா கத்துகிற அதே வசனம், அதே எரிச்சல், அதே அழுகை.

அப்பா நடிக்கவில்லை. அப்பா பொய் சொல்கிறவரும் இல்லை. அவருக்கு அங்கே கல் இறங்குகிறது. கூரையில் ஃபேன் சுற்றுகிறது. இரண்டும் ஒரே இடத்தில்.

அவள் மெல்லத் தன்னைப் பார்த்தாள். கண்ணாடியில் இருந்தவள் கொஞ்சமும் மாறவில்லை. வீல்சேரை நிரப்பிக்கொண்டு, தூண் கைகளோடு அப்படியேதான் உட்கார்ந்திருந்தாள். பயம் குபீரென்று எழுந்தது. ஆனால் முதல்முறையாக அதற்குப் பின்னாலேயே இன்னொரு பயமும் வந்தது, அதைவிடக் குளிர்ச்சியாக: இதுவும் அந்தக் கல் மாதிரி இருந்தால்? எட்டு மாதமாக நான் இல்லாத ஒன்றிடமிருந்து ஓடிக்கொண்டிருந்தால்?

"டாடி, கையைக் குடு."

அவர் ஒரு கையைக் கூரையிலிருந்து எடுக்க ரொம்ப நேரம் ஆயிற்று. எடுத்துக் கொடுத்தார். ஐந்தாவது மாடி வந்து கதவு திறந்ததும் வராந்தாவில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சிஸ்டர் தண்ணீர் கொண்டுவர ஓடினார்.

எலைன் வீல்சேரில் இருந்து குனிந்து கேட்டாள். "உள்ள இன்னா டாடி தெரிஞ்சுது?"

இருபத்தாறு வருஷமாக எழுந்து வெளியே போன மனிதர் இப்போது எழ முடியாமல்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

"கேஜ் பாதியில நின்னுடுச்சு. லைட் போச்சு. மேல கல்லு ஒடையற சத்தம், கேஜே ஆடுது. பதினாலு பேரு. என் பக்கத்துல காத்தவராயன், என் தோள்ல சாஞ்சுக்கினு இருந்தான். தூங்கறான், தூங்கட்டும்னு அசையாம நின்னுக்கினு இருந்தேன். அஞ்சு மணி நேரம். கேஜை மேல இஸ்து வெளிச்சம் வந்தப்பதான் தெரிஞ்சுது. பயத்துலயே நெஞ்சு நின்னு போயிருந்துச்சு அவனுக்கு. ஒரு கல்லும் உள்ள விழல. ஒருத்தனுக்கும் ஒரு கீறலு இல்ல. பயம் மட்டும்தான் அவனைக் கொன்னுடுச்சும்மா."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம், இதுவரை யாரும் கேட்காததைக் கேட்டார்.

"உனக்கு அந்தக் கண்ணாடியில இன்னா தெரியுது?"

எலைன் சொன்னாள். பீரோவின் விளிம்பு, தூண் கை, அறையை அடைத்து நிற்பது, எல்லாம். 'சேச்சே, அப்படியெல்லாம் இல்ல' என்று சொல்வார் என்று காத்திருந்தாள்.

"பயமாத்தான் இருக்கும்" என்றார் டக்ளஸ். "ரொம்ப பயமா இருக்கும்."

அவள் அழுதாள். அழுது முடித்து, சிஸ்டரிடம் காகிதத்தைக் கேட்டு வாங்கினாள். கையெழுத்துப் போட்டாள், எலைன் என்ற பெயர் கோட்டைத் தாண்டிப் போய்விட்டது.

கதவோரக் கட்டில் கொடுத்தார்கள். அந்தப் பக்கச் சுவருக்குப் பின்னால்தான் லிஃப்ட். சாயந்திரம் ஒரு தம்ளர் பாலையும் ஸ்பூனையும் சிஸ்டர் கொண்டுவந்து வைத்து, அரை மணி நேரத்துக்குள் குடிக்க வேண்டும் என்றார். பால் மேல் ஏடு படிந்தது. எலைன் அதைப் பார்க்கவே இல்லை. அதுதான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

பார்வையாளர் நேரம் முடிந்து டக்ளஸ் எழுந்தார். "காலைல மம்மி வருவா."

"ஸ்டெப்ஸ்லயே எறங்கு டாடி. எனக்காக நீ ஒண்ணும் பண்ண வேணாம்."

"உனக்காக இல்ல" என்றார் அவர். அவள் தலையைத் தொட்டுவிட்டுப் போனார்.

எலைன் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தாள். படிக்கட்டுக் கதவு கிறீச்சிடும் என்று எதிர்பார்த்தாள். கிறீச்சிடவில்லை. வெகுநேரம் ஒன்றுமே கேட்கவில்லை. போயிருப்பாரா? இன்னும் வாசலிலேயே நிற்கிறாரா? பிறகு லிஃப்ட் திறக்கிற சத்தம், மூடுகிற சத்தம். அப்புறம் சுவருக்குப் பின்னால், ரொம்ப மெல்லியதாக:

டக், டக், டக்.

லிஃப்ட் இறங்கியது. அது கீழே போய்ச் சேருகிறவரை எலைன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு தம்ளரைத் தன் பக்கம் இழுத்தாள். பயம் துளிகூடக் குறையவில்லை. ஸ்பூனை எடுத்து, தம்ளரின் விளிம்பில் மூன்று முறை தட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு முதல் வாய் குடித்தாள்.